படத்தில் இருக்கும் கைக்குப் பெயர் இல்லையா?

போன வருடம் சென்னையில் ஒரு கேலரிக்குப் பெரியம்மாவை அழைத்துப் போனேன். பெரியம்மா தூய்மைப் பணியாளர். இருபது வருடத்துக்கு மேல் குப்பை அள்ளுகிறார், இன்னும் ஒப்பந்தத் தொழிலாளிதான். காலை வேலை முடிந்து நேராக வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் டிபன் பாக்ஸ். வாசலில் செக்யூரிட்டி அண்ணன் அவரை மட்டும் நிறுத்தி, "யாரைப் பாக்கணும்மா?" என்று கேட்டார். அதற்கு முன்னால் போன இரண்டு பேரை அவர் அப்படிக் கேட்கவில்லை. "படம் பாக்க வந்திருக்கோம்ணே" என்றேன். சங்கடப்பட்டு வழிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் ஒப்பந்தச் சம்பளக்காரர்தான். யாரை நிறுத்த வேண்டும், யாரைக் கேள்வி கேட்காமல் விட வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக் கொடுக்காவிட்டாலும் இந்த நாட்டில் அது தெரிந்துவிடும்.

உள்ளே நகரத்தின் உழைப்பைப் பற்றிய புகைப்படக் கண்காட்சி. வெள்ளைச் சுவர், ஏசி குளிர். நாலடி உயரத்துக்கு ஒரு கருப்பு வெள்ளைப் படம். குப்பைக்குள் நுழைந்து வெளியே வந்த இரண்டு கைகள். நகக்கண்ணில் அழுக்கு, விரலில் வெட்டுக்காயம். நல்ல படம். பொய் சொல்ல மாட்டேன், நல்ல படம்தான். பெரியம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"கிளவுஸ் இல்லாம அள்ளியிருக்கா பாரு" என்றார் முதலில். அப்புறம் கீழே இருந்த சீட்டைக் காட்டி, "இந்தக் கை யாருதுடா? பேரு போட்டிருக்கா?" என்றார்.

படித்துப் பார்த்தேன். புகைப்படக் கலைஞரின் பெயர் இருந்தது. எடுத்த வருடம் இருந்தது. எந்த வகைத் தாளில் அச்சடித்தது, மொத்தம் எத்தனை பிரதிகளில் இது எத்தனையாவது என்பதெல்லாம் இருந்தது. கைக்குச் சொந்தக்காரியின் பெயர் இல்லை. பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது.

"இது என்னாடா பொட்டு?"

"வித்துப் போச்சுன்னு அர்த்தம் பெரியம்மா."

"எதை, கையையா?"

விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெரியம்மாவின் பத்து மாதச் சம்பளத்துக்கு மேல். அவரிடம் சொல்லவில்லை.

தோழர்களே, கலைக்குச் சாதி கிடையாது என்று நம்மிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கவின்கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் நானும் அதை நம்பினேன். படிப்பு முடிந்து கண்காட்சிகளுக்குச் சட்டம் அடிக்கிற, படம் மாட்டுகிற வேலைக்குப் போன பிறகுதான் புரிந்தது. சுவரில் தொங்குவது பெரும்பாலும் நம் உடல்கள். ஆணி அடிப்பதும் தரை துடைப்பதும் நம் ஆட்கள். படத்தின் கீழே வருகிற பெயர், அதைப் பற்றி எழுதுகிற பெயர், அதை வாங்குகிற பெயர் மட்டும் வேறு ஆட்களுடையது. இந்த ஏற்பாட்டுக்குச் சாதி என்று பெயர் வைக்காமல் வேறு என்ன பெயர் வைப்பது?

மூக்கை அளந்த கேமரா

இது இன்று தொடங்கியதல்ல. இந்தியாவில் கேமரா வந்த கையோடு சாதியைப் படம் பிடிக்கத் தொடங்கியது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்ற நூலை ஆங்கிலேய அரசு வெளியிட்டது. நானூறுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள். அதில் இருப்பவர்கள் பலருக்குப் பெயர் கிடையாது. சாதிப் பெயர் உண்டு, குணம் இப்படிப்பட்டது என்ற குறிப்பு உண்டு. இந்தச் சாதிக்காரன் நம்பத்தக்கவன், அந்தச் சாதிக்காரன் திருடுவான் என்கிற தோரணையில் எழுதப்பட்ட குறிப்புகள். மனிதன் மாதிரிப் பொருளாக ஆக்கப்பட்டான்.

நம் சென்னைக்கு வருவோம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகள் சென்னையில் குறைவு. அந்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். மனிதர்களை நிற்கவைத்து மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். படம் எடுத்தார். மூக்கின் அகலத்தை வைத்து எவன் உயர்ந்தவன், எவன் தாழ்ந்தவன் என்று பட்டியல் போடும் 'விஞ்ஞானம்' அன்றைக்கு உச்சத்தில் இருந்தது. நம் பாட்டன் பூட்டிகள் அந்த வளாகத்துக்குள் கலையைப் பார்க்கப் போகவில்லை. அளக்கப்படுவதற்காக நிறுத்தப்பட்டார்கள்.

அதற்கும் முன்னால், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் தின்றது. லட்சக்கணக்கானோர் செத்தார்கள். வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் சோறு கொடுக்காமல் அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவர் மீது அன்றே எழுந்தது. இதே ஹூப்பர்தான் பிறகு பர்மாவில், மரண தண்டனைக் கைதிகள் சுடப்படும் கணத்தைப் படம் பிடித்து விசாரணைக்கு உள்ளானவர். அந்தப் பஞ்சப் படங்கள் இன்றும் புத்தகங்களிலும் இணையத்திலும் சுற்றுகின்றன. படம் எடுத்தவரின் பெயர் நமக்குத் தெரியும். அந்தப் படத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவரின் பெயர்கூடத் தெரியாது.

இப்போது சொல்லுங்கள். கேலரியில் பெரியம்மா கேட்ட கேள்வி சின்னக் கேள்வியா? நூற்றைம்பது வருடமாகப் பதில் சொல்லப்படாத கேள்வி அது.

கோடிகளில் கிராமம்

ஓவியத்துக்கு வருவோம். 2023 செப்டம்பரில் அம்ரிதா ஷெர்கில் 1937இல் வரைந்த 'தி ஸ்டோரி டெல்லர்' 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. 2025 மார்ச்சில் எம்.எஃப். ஹுசைன் 1954இல் வரைந்த 'கிராம யாத்ரா' நியூயார்க் ஏலத்தில் ஏறக்குறைய 118 கோடி ரூபாய்க்குப் போனது. இரண்டிலும் இருப்பது கிராமம். கிராமத்துப் பெண்கள், மாடு, வண்டி, வீட்டு முற்றம்.

ஷெர்கில் பெரிய ஓவியர், சந்தேகமில்லை. ஹுசைன் சினிமா பேனர் வரைந்து பிழைத்து மேலே வந்தவர். இந்துத்துவக் கும்பல் வழக்குகளாலும் வன்முறையாலும் அவரை நாட்டை விட்டே துரத்தியது. 2011இல் லண்டனில் இறந்தார். அந்தக் கும்பலுக்கு எதிராக ஹுசைன் பக்கம் நிற்பதில் நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை. என் கேள்வி அவர்களின் திறமையைப் பற்றியதல்ல. இந்திய நவீன ஓவியம் கொண்டாடிய இந்தக் கிராமத்தில் ஊர் எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது? கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம்? அந்தக் கோடு ஏன் எந்த ஓவியத்திலும் தெரிவதில்லை?

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசினார். கிராமத்தைப் புனிதமாக்கிப் பேசியவர்கள் நிறைந்த சபையில் எழுந்து நின்று, அது அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் நிறைந்த குழி என்று சொன்னார். அதற்கு ஓராண்டு முன்னால்தான் பம்பாயில் முற்போக்குக் கலைஞர்கள் குழு தொடங்கியிருந்தது. ஒரே நாடு, ஒரே காலம். அரசியல் நிர்ணய சபையில் பதிவான அந்த உண்மை ஓவியத் திரைக்கு வந்துசேரவே இல்லை. இந்தியக் கிராமம் என்றால் மண் வாசனை, வண்ணம், எளிமை. வாங்குகிறவரின் வரவேற்பறையில் மாட்ட அதுதான் தோது.

அந்த முற்போக்குக் குழுவிலேயே கே.எச். ஆரா என்று ஒருவர் இருந்தார். கார் துடைத்தவர், வீட்டு வேலை செய்தவர். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஹுசைன், ராசா, சூசா என்று வரிசையாகச் சொல்கிற வாய்களில் ஆராவின் பெயர் கடைசியாகத்தான் வரும், பல நேரம் வரவே வராது. ஏலச் சந்தையில் அவர்களுக்கும் இவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். தற்செயல் என்று சொல்வார்கள். இந்த நாட்டில் தற்செயல் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் விழுகிறது.

சென்னையின் நவீன ஓவிய மரபும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை உருவாக்கினார். பத்திக் துணி விற்ற காசில் ஓவியர்கள் சேர்ந்து கடலோரத்தில் நிலம் வாங்கி, சந்தையை நம்பாமல் வாழ்ந்து பார்த்தார்கள். அது பெரிய முயற்சி. மதிக்கிறேன். ஆனால் மேற்கைப் பின்பற்றாமல் நம் மண்ணிலிருந்து நவீனத்தை உருவாக்குவோம் என்று புறப்பட்டபோது, 'நம் மண்' என்று எதை எடுத்தார்கள்? பணிக்கரின் புகழ்பெற்ற 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள். ஜாதகக் கட்டங்கள், யந்திரங்கள், ஓலைச்சுவடிபோல் அடுக்கிய எழுத்துகள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாதகக் கட்டம் யார் வீட்டுப் பொருள்? பறைக்குத் தோல் இழுத்துக் கட்டுகிற கைக்கு உருவம் பற்றிய அறிவு கிடையாதா? பாய் முடைகிறவளுக்கு, பச்சை குத்துகிறவளுக்குக் கோடும் கட்டமும் தெரியாதா? மரபு என்று சொன்னவுடன் கை தானாகக் கோயிலுக்கும் ஏட்டுக்கும் போகிறது. சேரி மரபுக் கணக்கில் வருவதில்லை.

நாட்டார் கலை என்கிற தனிக் குவளை

இன்னொரு தந்திரம் உண்டு. நம் ஆட்கள் வரையத் தொடங்கினால் அதற்கு வேறு பெயர் வைத்து வேறு அறையில் உட்கார வைப்பது. தேநீர்க்கடையில் தனிக் குவளை மாதிரி. அவர்கள் செய்தால் 'சமகாலக் கலை', நாம் செய்தால் 'நாட்டார் கலை', 'பழங்குடிக் கலை', 'கைவினை'. சமகாலக் கலைஞருக்குப் பெயர், விலை, தனிக் கண்காட்சி. நாட்டார் கலைஞருக்குச் சாதிப் பெயர், பேரம், அரசுக் கண்காட்சியில் மூன்று நாள் ஸ்டால்.

ஜங்கர் சிங் ஷியாமின் கதை எல்லோருக்கும் தெரிய வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் பாடன்கர் கிராமத்துப் பர்தான் கோண்ட் பழங்குடி இளைஞர். வீட்டுச் சுவரில் வரைந்துகொண்டிருந்தவரை எண்பதுகளின் தொடக்கத்தில் போபாலின் பாரத் பவனுக்கு அழைத்து வந்தார் ஓவியர் ஜே. சுவாமிநாதன். 1989இல் பாரிசின் பாம்பிடு மையம் நடத்திய உலகக் கண்காட்சியில் ஜங்கரின் ஓவியம் இடம்பெற்றது. அவருக்கு முன்னால் அப்படி வரைந்தவர் யாருமில்லை. புள்ளிகளாலும் கோடுகளாலும் அவர் கண்டுபிடித்த மொழியைத்தான் இன்று உலகம் 'கோண்ட் ஓவியம்' என்கிறது. பிக்காசோ கண்டுபிடித்தால் அது பிக்காசோவின் பாணி. ஜங்கர் கண்டுபிடித்தால் அது இனத்தின் பாணி! 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது, நாற்பது வயதுகூட நிறையாத நிலையில் தற்கொலை செய்துகொண்டார். ஊர் திரும்ப ஏங்கினார் என்று பேசப்பட்டது. பாரிஸ் சுவரில் தொங்கிய கலைஞனுக்குச் சமகாலக் கலைஞனுக்குரிய ஒப்பந்தமோ பாதுகாப்போ பேரம் பேசும் பலமோ இருக்கவில்லை.

பீகாரின் மதுபனி ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுளரையும் கல்யாண அறையையும் வண்ணம் தீட்டி நிரப்பும் பாணி பார்ப்பனப் பெண்களுடையது, மெல்லிய கோட்டோவியம் காயஸ்தப் பெண்களுடையது என்று அங்கே கோட்டுக்கும் சாதி இருந்தது. துசாத் சாதித் தலித் பெண்களுக்கு அதில் இடமில்லை. சானோ தேவி போன்றவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் உடம்பில் குத்திய பச்சையைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு மறுக்கப்பட்ட கடவுளை விட்டுவிட்டுத் தங்கள் நாயகன் ராஜா சல்ஹேஷை வரைந்தார்கள். 'கோத்னா' என்ற புதிய பாணி பிறந்தது. இன்று மாளவிகா ராஜ் அதே மதுபனி வடிவத்தில் புத்தரையும் அம்பேத்கரையும் வரைகிறார். நவீனம் என்றால் பழைய கட்டை உடைப்பது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். இதைவிட நவீனமாக உடைத்துக் காட்டியவர்கள் யார்?

சுவருக்கு வண்ணம், வயிற்றுக்கு?

கேலரி மட்டும்தான் பிரச்சினை, கலையைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற நண்பர்கள் கண்ணகி நகருக்குப் போய்ப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளில், நகரத்தின் நடுவில் வாழ்ந்த உழைக்கும் மக்களைப் பிடுங்கி 2000 முதல் அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். வேலைக்கு வரப் பேருந்தில் பல கிலோமீட்டர். 'கண்ணகி நகர்' என்று முகவரி சொன்னால் வேலை கிடைக்காத நிலை. போலீஸ் பதிவேட்டில் குற்றப் பகுதி. 2020இல் அங்கே 'கலை மாவட்டம்' வந்தது. ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து குடியிருப்புச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் தீட்டின.

அங்குள்ள பிள்ளைகள் அந்த ஓவியங்களை ரசிக்கிறார்கள். மறுக்க மாட்டேன். நம் மக்களுக்கு வண்ணம் வேண்டாமா என்ன? ஆனால் அந்தச் சுவரில் என்ன வரைய வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? ஏன் அங்கே வாழ்கிறார்கள் என்ற கதையை எந்தச் சுவர் சொல்கிறது? வெளியேற்றத்தைப் பற்றி வாய் திறக்காத வண்ணம், வெளியேற்றத்தின் மேல் அடித்த சுண்ணாம்பு. பெயின்ட் கம்பெனிக்கு விளம்பரம், மாநகராட்சிக்கு நற்பெயர், வெளியூர் ஓவியர்களுக்கு இன்ஸ்டாகிராம் படம். குடியிருப்பவருக்கு வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் தூரம் ஓர் அடிகூடக் குறையவில்லை.

காயத்தை மட்டும் கேட்கிறவர்கள்

இதற்கிடையில் நம் கலைஞர்கள் கதவை உடைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். நாக்பூரில் பிறந்து பரோடாவில் படித்த சவி சாவர்க்கர், பேஷ்வா காலத்தில் கழுத்தில் எச்சில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்கவைக்கப்பட்ட மனிதரை இந்திய ஓவியத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். மதுரைப் பக்கம் மீன் விற்கும் தாயின் மகன் பழனிகுமார் கடன் வாங்கிக் கேமரா வாங்கினார். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். மலக்குழிச் சாவுகளை, செத்தவர்களின் வீடுகளை, அங்கே மிச்சமிருக்கும் பிள்ளைகளைப் படம் எடுத்தார். எடுத்ததோடு நிற்கவில்லை. தூய்மைப் பணியாளர்கள், மீனவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறார். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் ஊரடங்குக் காலத்தில் வீடு திரும்பித் தன் குடும்பத்தையே படம் எடுத்தார். சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய பொன்னுத்தாய்ப் பாட்டியின் பேரன் அவர். நீலம் பண்பாட்டு மையம் ஆண்டுதோறும் ஏப்ரலை தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடி நம் கலைஞர்களுக்கு மேடை போடுகிறது. பத்து வருடம் முன்னால் இதில் பாதியைக் கற்பனை செய்திருக்க முடியாது.

ஆனால் கவனியுங்கள். இப்போது கதவைத் திறக்கிறவர்கள் ஒரு நிபந்தனையோடுதான் திறக்கிறார்கள். காயத்தைக் கொண்டு வா, வாங்கிக்கொள்கிறோம். ஒரு தலித் ஓவியர் கடலை வரைந்தால், தன் காதலியை வரைந்தால், வெறும் நீல வண்ணத்தைத் திரை முழுக்கப் பூசினால், "இதில் உங்கள் அனுபவம் எங்கே?" என்று க்யூரேட்டர் கேட்கிறார். இந்தக் கேள்வி என்னிடமே கேட்கப்பட்டது. நான் வரைந்து எடுத்துப் போனது முருங்கை மரம். எங்கள் வீட்டுப் பின்னால் நின்ற மரம். மழைக்காலத்தில் கிளை ஒடிந்து, மறுபடி துளிர்த்து நின்ற மரம். "உங்கள் சமூகத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்றார் அவர். அந்த மரத்தடியில்தான் ஐயா என் சமூகம் உட்கார்ந்து பேசியது! ஆதிக்கச் சாதி ஓவியர் மரத்தை வரைந்தால் அது மரம். நான் வரைந்தால் அதில் தூக்குக் கயிறு தொங்க வேண்டும்.

ஜெய்சிங்கின் குடும்பப் படங்கள் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதனால்தான். பரிதாபத்துக்கு அங்கே வேலை இல்லை. தன் வீட்டை, தன் மனிதர்களை, உள்ளிருந்து ஒருவன் பார்க்கிறான். பார்க்கப்படுகிறவர்களுக்குப் பார்க்கிறவனைத் தெரியும், அவன் சாப்பிட்டானா என்று கேட்கவும் தெரியும். தர்ஸ்டனின் கேமராவுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கடக்க நமக்கு நூறு வருடம் பிடித்திருக்கிறது.

நம் கையும் சுத்தமில்லை

இவ்வளவு பேசிவிட்டு நம்மைப் பார்க்காமல் விட்டால் அது யோக்கியமல்ல. ஆணவக் கொலை நடந்தால் வெட்டப்பட்ட உடலை முதலில் பகிர்கிறவர்கள் யார்? நாம்தான். மலக்குழியிலிருந்து தூக்கப்படும் பிணத்தைப் போஸ்டரில் போடுகிறவர்கள் யார்? நாம்தான். உண்மை தெரிய வேண்டும் என்கிற நியாயம் உண்டு. அந்த வீட்டுத் தாய் அந்தப் படத்தை ஒவ்வொரு நினைவு நாளிலும் போனில் பார்க்க நேர்கிறதே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? கேலரியைக் கேட்கிற அதே கேள்வியை நம் வாட்ஸ்அப் குழுவிடமும் கேட்க வேண்டும்.

இன்னொன்று. ஓவியம், சிற்பம், புகைப்படம் எல்லாம் பணக்காரன் சமாச்சாரம், நமக்குப் போராட்டம் போதும் என்கிற எண்ணம் நம்மிடம் உண்டு. அப்படியானால் அம்பேத்கர் சிலைக்கு ஏன் கூண்டு போட்டிருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் ஊர் ஊராக நீலக் கோட்டும் நீட்டிய விரலுமாக நிற்கிற அந்தச் சிலைகளைச் செய்தவர்கள் பெயர் தெரியாத நம் ஊர்ச் சிற்பிகள். கேலரியில் சிலையைக் கண்ணாடிக்குள் வைப்பது விலை போகும் என்பதால். நம் சிலையைக் கம்பிக்குள் வைப்பது உடைப்பார்கள் என்பதால். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் உடைத்தார்கள். மறுநாளே புதிய சிலை எழுந்தது. சாதி இந்துவை இவ்வளவு பதற வைக்கிற கலைப்பொருள் இந்த மாநிலத்தில் வேறு எது இருக்கிறது? நவீனக் கலை வரலாறு எழுதுகிறவர்கள் அதை ஒரு வரியில்கூடச் சேர்ப்பதில்லை. எதைக் கலை என்று எண்ணுவது என்ற உரிமையே இங்கே சண்டைக்குரியது. அதை விட்டுக்கொடுக்க முடியாது.

கேட்பது என்ன?

"தரம்தான் முக்கியம், இதில் சாதியை இழுக்காதீர்கள்" என்பார்கள். ஐஐடி வாசலில் கேட்ட அதே பாட்டு. தரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று காட்டுங்கள், பிறகு பேசுவோம். லலித் கலா அகாடமியும் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழுவும் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. தேர்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள், யாருடைய படைப்புகளை வாங்குகிறார்கள், யாருக்கு உதவித்தொகை போகிறது என்பதைச் சமூகவாரியாக வெளியிடட்டும். கல்லூரியில் இடஒதுக்கீடு இருப்பதால் உள்ளே நுழைகிற முதல் தலைமுறைப் பிள்ளைகள், வெளியே வந்ததும் செட் போடவும் சுவர் எழுதவும் போவது ஏன் என்று அரசு ஆராயட்டும்.

உழைக்கும் மனிதரைப் படம் எடுத்து விற்கிற கலைஞர்கள் மூன்று காரியம் செய்யட்டும். ஒப்புதல் கேளுங்கள். அவர் விரும்பினால் பெயர் போடுங்கள். விற்றால் பங்கு கொடுங்கள். மாடலுக்குக் கூலி கொடுப்பது ஓவியப் பள்ளிகளில் காலங்காலமாக உள்ள வழக்கம்தான். மாடல் தெருவில் குப்பை அள்ளும்போது மட்டும் ஏன் இலவசமாகிவிடுகிறார்?

நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வரைந்தால் மட்டும் போதாது, எழுதுங்கள். கலை விமர்சனம் இன்று பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஒரு சின்ன வட்டத்துக்குள், ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்ளும் விவகாரமாக இருக்கிறது. சினிமாவை எடுத்து அலசுகிறோம் அல்லவா? ஒவ்வொரு காட்சியிலும் சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிடிக்கிறோம் அல்லவா? அதே கண்ணோடு கேலரிக்குள் போங்கள். நுழைவு பெரும்பாலும் இலவசம். பயமாக இருந்தால் கூட்டமாகப் போங்கள். அம்மாவை, பெரியம்மாவைக் கூட்டிப் போங்கள். நம் கேள்விகளைவிட அவர்கள் கேள்வி கூர்மையாக இருக்கும்.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்துப் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். வெயில், மழை எல்லாம் அந்த நடைபாதையில்தான். நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. அந்த நாட்களில் ஏராளமான கேமராக்கள் வந்தன. அந்தப் படங்களும் நாளை எங்காவது சட்டம் போட்டு மாட்டப்படும். நானும் எடுத்தேன். பெரியம்மா கையை உயர்த்திக் கோஷம் போடுகிற படம் என்னிடம் இருக்கிறது.

இந்தக் கட்டுரைக்கு அதைத் தரட்டுமா என்று அவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "படமும் வேணாம், பேரும் வேணாம்டா. காண்ட்ராக்ட்காரன் பாத்தா வேலைக்கு வராதேன்னுடுவான். பெர்மனென்ட் ஆனப்புறம் போடு, பெருசா போடு" என்றார்.

அதனால் இங்கே படமும் இல்லை, அவர் பெயரும் இல்லை. கேலரியில் இருந்த அந்தக் கைக்கும் பெயர் இல்லை. இங்கே அதை முடிவு செய்தவர் என் பெரியம்மா.